கூச்சப் பூனையைத் தத்தெடுக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் ஒரு பூனைக் காப்பகத்துக்கு வார இறுதிகளில் போய் வேலை செய்கிறேன். தத்தெடுக்க விரும்புகிறவர்களின் போன் எனக்குத்தான் வரும். ஓடிவந்து காலை உரசுகிற குட்டிக்கு ஒரே வாரத்தில் வீடு கிடைத்துவிடும். கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பூனையைப் பற்றி எப்போதாவது ஒருவர் கேட்பார். கேட்பவர் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

பதில்களில் சாம்பு அடிக்கடி வருவாள். சாம்பல் வரிப் பூனை, பெண். காய்கறிச் சந்தையில் ஒரு லோடு ஆட்டோவுக்கு அடியில், காலில் புண்ணோடு கிடைத்தாள். புண் 3 வாரத்தில் ஆறிவிட்டது. வீடு கிடைக்க 14 மாதம் ஆனது. காப்பகத்தில் இருந்த நாளெல்லாம், பூனை மலஜலம் கழிக்க வைக்கும் மணல் தட்டுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

இந்தப் பூனை ஏன் இப்படிப் பயப்படுது? யாராவது அடிச்சிருப்பாங்களா?

அடி வாங்கிய பூனைகளும் உண்டு. ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. பூனைக்குட்டி மனிதர்களோடு ஒட்டுவதற்கான காலம் பிறந்த 2-வது வாரத்திலிருந்து 7-வது வாரம் வரை. அந்த நாட்களில் நாலு பேர் கையில் எடுத்துக் கொஞ்சிய குட்டிக்கு மனிதர் பழகிய விஷயம். அப்போது மாடிப்படிக்கு அடியிலோ சாக்கடை ஓரத்திலோ தாயோடு மட்டும் இருந்த குட்டிக்கு நாம் இரண்டு காலில் வரும் ஒரு பெரிய மிருகம், அவ்வளவுதான்.

வீட்டில் செல்லமாக வளர்ந்து, குடும்பம் வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போன பூனையும் காப்பகத்தில் இப்படி ஒடுங்கிவிடும். இருபது பூனைகளின் வாடை, பினாயில் நெடி, பக்கத்துத் தெரு நாய்களின் குரைப்பு, கூண்டுக் கதவு படாரென்று மூடும் சத்தம் எல்லாம் ஒரே நாளில் வந்து விழுகின்றன. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்று சொல்வோமே, அந்தக் கதைதான்.

கூச்சப்படுற பூனையா, இல்ல பழக்கவே முடியாத பூனையா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல் வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது. பயந்த வீட்டுப் பூனையும் சீறும், மனிதர் வாசனையே அறியாத தெருப்பூனையும் சீறும். இரண்டு மூன்று வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் கவனிப்பது சின்னச் சின்ன விஷயங்கள்: நாம் அறையில் இருக்கும்போதே சாப்பிட வருகிறதா, கண்ணைப் பார்க்கிறதா, ஆள் போனபிறகு நாம் உட்கார்ந்த துணியில் கன்னத்தைத் தேய்க்கிறதா, எப்போதாவது வால் நிமிர்கிறதா. இவற்றில் ஒன்று இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வந்துவிடும்.

இரண்டு மாதமாகியும் எந்த மாற்றமும் இல்லாமல், ஆள் வந்தாலே சுவரில் ஏறப் பார்க்கும் வளர்ந்த பூனைகள் உண்டு. அவற்றை வீட்டுக்குள் அடைப்பது கருணை இல்லை என்பது என் கருத்து. கருத்தடை செய்து, காது நுனியை அடையாளமாக வெட்டி, சோறு வைக்கிற ஆள் இருக்கும் அதே இடத்தில் திரும்ப விடுவதுதான் அவற்றுக்கு நல்லது. காது நுனி நேராக வெட்டப்பட்ட பூனையைத் தெருவில் பார்த்தால், அதற்கு ஏற்கெனவே அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஷெல்ட்டர்லயே கிட்ட வரலை. வீட்டுக்கு வந்தா மட்டும் மாறிடுமா?

நிறையப் பூனைகள் மாறுகின்றன. மாறுவதற்கு முதலில் வேண்டியது ஒளிந்துகொள்ள ஓர் இடம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் பாதிக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், மீதிக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகளுக்குப் பதற்றம் சீக்கிரமே தணிந்தது. அதைப் படித்த பிறகு எங்கள் காப்பகத்திலும் கூண்டுக்கு ஓர் அட்டைப் பெட்டி வைத்தோம். மளிகைக் கடையில் சும்மாவே கொடுத்தார்கள்.

சாம்புவைத் தத்தெடுத்த அம்மா ஒருநாள் இரவு 10 மணிக்கு ஒரு வீடியோ அனுப்பினார். இருட்டு ஹாலில் சாம்பு ஒரு வெங்காயத் தோலை உதைத்து உதைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். 14 மாதத்தில் அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை.

எத்தனை நாள்ல பழகும்?

காப்பகங்களில் 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 3 நாளில் மூச்சு விடும், 3 வாரத்தில் வீட்டின் நேரங்கள் புரியும், 3 மாதத்தில் இது என் வீடு என்று நினைக்கும். சாதாரணப் பூனைக்கு இது பொருந்தும். கூச்சப் பூனைக்கு இதைவிடக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சாம்பு 11 நாள் கட்டிலுக்கு அடியில் இருந்தாள். 2-வது மாதம்தான் பகலில் ஹாலுக்கு வந்தாள். தொட விட்டது 5-வது மாதம்.

முதல் நாள் என்ன செய்யணும்? வீடு முழுக்கச் சுத்திக் காட்டணுமா?

வேண்டாம். ஒரே ஓர் அறை போதும், சின்ன அறையாக இருந்தால் இன்னும் நல்லது. முழு வீட்டையும் திறந்துவிட்டால் அது ஃபிரிட்ஜுக்குப் பின்னாலோ பரணிலோ போய் ஒடுங்கிவிடும், நீங்கள் எட்டிப் பார்க்கவும் முடியாது. அறையில் பீரோவுக்குப் பின்னால் இடுக்கு இருந்தால் தலையணை வைத்து அடைத்துவிடுங்கள். அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, மேலே ஒரு பழைய புடவையைத் தொங்கவிடுங்கள். கொண்டுவந்த கூடையையும் கதவைத் திறந்து அங்கேயே வைத்துவிடுங்கள், அதில் அதன் வாசனை இருக்கும்.

மணல் தட்டு ஒரு மூலையில், சாப்பாடும் தண்ணீரும் எதிர் மூலையில். காப்பகத்தில் என்ன மணல், என்ன சாப்பாடு என்று கேட்டு முதல் இரண்டு வாரம் அதையே கொடுங்கள். காப்பகத்தில் அது படுத்திருந்த துணியையும் கேட்டு வாங்கி வாருங்கள், துவைக்காமல். அப்புறம், சொந்தக்காரர்களைப் பூனை பார்க்கக் கூப்பிடாதீர்கள். கட்டிலுக்கு அடியில் கைவிட்டு இழுக்காதீர்கள். நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றுதான். ஒருமுறை இழுத்தால் இரண்டு வார உழைப்பு போய்விடும்.

வந்ததுல இருந்து சாப்பிடவே இல்லை. என்ன பண்றது?

முதல் இரவு சாப்பிடாதது சகஜம். வீடு அடங்கிய பிறகு, விடியற்காலை 3 மணிக்குச் சாப்பிடும். கிண்ணத்தை ஒளிந்திருக்கும் இடத்துக்கு அருகிலேயே வையுங்கள். லேசாகச் சூடு செய்த மீன் அல்லது உப்பும் மசாலாவும் போடாமல் அவித்த கோழி வைத்தால் வாசனைக்கே வெளியே வரும். பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்துவிடும்.

ஆனால் ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரை போனிலாவது கேளுங்கள், இரண்டு நாள் ஆனால் கட்டாயம் கொண்டுபோங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும், குண்டுப் பூனைக்கு இன்னும் வேகமாக. ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே கிளம்புங்கள். காய்ச்சலோ என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்குச் சாதாரணமான அந்த மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

சரி, எப்படித்தான் பழக்கறது? பக்கத்துல போனாலே உள்ள போயிடுது.

பக்கத்தில் போகாமல்தான் பழக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் அறைக்குள் போய்த் தரையில், பூனைக்குப் பக்கவாட்டாக உட்காருங்கள். புத்தகம் படியுங்கள், கீரை ஆயுங்கள், மெதுவான குரலில் ஏதாவது பேசுங்கள். அதை உற்றுப் பார்க்காதீர்கள். பூனை உலகத்தில் முறைத்துப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பு. சாம்புவின் அம்மா மாலை 6 மணிக்கு அந்த அறையில் பூக்கட்ட உட்காருவார். முதல் வாரம் கட்டிலுக்கு அடியில் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. இரண்டாம் வாரம் ஒரு முன்னங்கால் வெளியே வந்து, தரையில் கிடந்த வாழைநாரைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. அன்றைக்கு அவர் எனக்கு போன் பண்ணி அழுதார்.

கண்ணோடு கண் பட்டுவிட்டால், உங்கள் கண்களைப் பாதி மூடி, மெதுவாக ஒருமுறை முழுதாக மூடித் திறங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் இதைச் சோதித்தார்கள். ஆள் அப்படிச் செய்தபோது பூனைகளும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்கின, பிறகு நீட்டிய கையருகே வரவும் கூடுதலாக முன்வந்தன. காப்பகத்தில் நான் எந்தக் கூண்டுக்கு முன்னால் போனாலும் முதலில் இதைத்தான் செய்கிறேன்.

அடுத்த படி சாப்பாடு. நீளமான கரண்டி நுனியில் மீன் கூழ் தடவி நீட்டுங்கள், நாளாக நாளாகக் கரண்டியைக் குட்டையாக்குங்கள். கயிற்றில் கட்டிய இறகைத் தரையோடு இழுத்தால் பயத்தை மறந்து கை நீட்டும். தொடுகிற நாள் வந்தால், ஒரு விரலை அதன் மூக்கு மட்டத்தில் நீட்டிவிட்டு அசையாமல் இருங்கள். முகர்ந்து, கன்னத்தைக் கொண்டுவந்து தேய்த்தால்தான் அனுமதி. கன்னம், தாடை, காதடி இவ்வளவுதான் முதல் மாதம். வயிற்றைத் தொடாதீர்கள். அது போதும் என்று நினைப்பதற்கு முன்னாலேயே நீங்கள் கையை எடுத்துவிடுங்கள், அடுத்த நாள் அதுவாக வரும்.

வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு. கொடுப்பீங்களா?

5 வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கூச்சப் பூனையை நான் பரிந்துரைப்பதில்லை. குழந்தை மேல் குறை இல்லை. அந்த வயதில் ஓட்டமும் கத்தலும் இருக்கத்தான் செய்யும், பூனைக்கு அது தாங்காது. அந்த வீட்டுக்குத் துறுதுறு பூனை ஒன்றைக் காட்டுவேன். 9, 10 வயதுப் பிள்ளைகள் விஷயம் வேறு. நான் பார்த்தவரை பொறுமையாகத் தரையில் உட்காருவதில் பெரியவர்களை அவர்கள் மிஞ்சிவிடுகிறார்கள். வயதானவர்கள் இருக்கும் அமைதியான வீடு கூச்சப் பூனைக்குச் சொர்க்கம். நடந்து போகும்போது காலில் இடறாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயத்துல கடிச்சிட்டா?

சீறினால், காதைப் பின்னால் மடக்கினால், வாலைப் படார் படார் என்று அடித்தால் விலகிவிடுங்கள், கடி வரை போகாது. மீறிக் கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பூனைப் பல் ஊசி மாதிரி. மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே ஆழமாகப் போய்ச் சீழ் வைத்துவிடும். காப்பகத்தில் ரேபிஸ் தடுப்பூசி போட்ட பூனை என்றாலும், உங்களுக்கு ஊசி வேண்டுமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தத்தெடுக்கும்போது தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகள் முழுகாம இருக்கா. பூனை வந்தா கருவுக்கு ஆபத்துன்னு சொல்றாங்களே?

டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றிய பயம் இது. அது பூனையின் மலத்தில் வரக்கூடும் என்பது உண்மை. வெளியேறிய உடனே தொற்றாது, குறைந்தது ஒரு நாளாவது ஆகும். அதனால் மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்தால், அதையும் வேறொருவர் செய்தால், ஆபத்து மிகவும் குறைந்துவிடும். சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும் கழுவாத காய்கறியிலிருந்தும்கூட அது வரும், அதையும் கவனியுங்கள். மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பூனைக்குப் பச்சை மாமிசம் கொடுக்காதீர்கள்.

கருப்புப் பூனை வீட்டுக்கு ஆகாதுன்னு பாட்டி சொல்றாங்க.

எங்கள் காப்பகத்தில் அதிக நாள் காத்திருப்பவை கருப்பும் கூச்சமும் சேர்ந்த பூனைகள். பாட்டியை ஒருமுறை கூட்டிவாருங்கள், நான் பேசுகிறேன்.

ஏற்கெனவே வீட்டுல ஒரு பூனை இருக்கு. சண்டை போடாதா?

அவசரப்படாமல் சேர்த்தால், வீட்டுப் பூனை பெரிய உதவி. அது உங்கள் மடியில் ஏறுவதைப் பார்த்துத்தான் புதியது துணிச்சல் கொள்ளும். முன்னால் சொன்ன ஒற்றை அறை இங்கேயும் வேண்டும். இரண்டு வாரம் மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் இருக்கட்டும். படுக்கைத் துணிகளை மாற்றி மாற்றிப் போடுங்கள், கதவை ஒட்டி இரு பக்கமும் சாப்பாடு வையுங்கள். அப்புறம் ஒரு விரல் இடைவெளியில் பார்க்கவிட்டு, மெல்லத் திறங்கள்.

அந்த இரண்டு வாரம் நோய்க்காகவும் தேவை. பேன்லியூகோபீனியா, நாங்கள் பூனைப் பார்வோ என்று சொல்வது, பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸ் நோய். அந்த வைரஸ் துணியிலும் தரையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். வீட்டுப் பூனைக்குத் தடுப்பூசி ஆகாமல் புதியதைக் கொண்டுவராதீர்கள். காப்பகத்திலேயே இரண்டு பூனைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்கினால், சோடியாக எடுக்க முடியுமா என்று நான் கேட்பேன். பிரித்துக் கொடுத்த இரண்டும் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வாடகை ஃபிளாட், 4-வது மாடி. பரவாயில்லையா?

வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வந்தபிறகு தெரிந்து பூனை வெளியே போக நேர்ந்தால், கூச்சப் பூனைக்கு அது பெரிய அடி. பால்கனிக்கு வலை கட்டாயம். புறா வராமலிருக்கப் போடும் மெல்லிய நைலான் வலையைப் பூனை கடித்து ஓட்டை போட்டுவிடும், கெட்டியான வலையோ கம்பி வலையோ போடுங்கள். குளியலறை ஜன்னலையும் மறக்காதீர்கள், பயந்த பூனை அந்தச் சந்தில்தான் நுழையும்.

கேஸ் சிலிண்டர்காரர் வந்தப்போ கதவு வழியா ஓடிடுச்சு! போச்சா?

போகவில்லை. கூச்சப் பூனை தூரமாக ஓடாது, கிடைத்த முதல் இருட்டு இடுக்கில் ஒடுங்கும். நீங்கள் பெயர் சொல்லிக் கத்தினாலும் பதில் கொடுக்காது. படிக்கட்டுக்கு அடி, மோட்டார் அறை, நிறுத்தியிருக்கும் கார்களுக்கு அடி, பக்கத்து இரண்டு மூன்று வீடுகள் இவற்றைத்தான் முதலில் பாருங்கள். தெரு அடங்கிய பிறகு, இரவு 12 மணிக்கு மேல் டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்துக்கொண்டு குனிந்து தேடினால் கண்கள் பளிச்சென்று தெரியும். துரத்தாதீர்கள். வழக்கமாகக் கொடுக்கும் மீனை வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். எங்களுக்கு உடனே சொன்னால் பொறிக்கூண்டு கொண்டுவருவோம்.

நாங்களும் ஒரு தெருப்பூனையை மீட்டு ஷெல்ட்டர்ல வச்சிருக்கோம். எத்தனை தடவை போட்டோ போட்டாலும் யாரும் கேட்கலையே?

மூலையில் ஒடுங்கி, கண் விரிந்து, கம்பிக்குப் பின்னால் எடுத்த படத்தைப் பார்த்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும். பாவப்பட்டு யாரும் பூனை எடுப்பதில்லை. முடிந்தால் ஒரு மாதம் யாருடைய வீட்டிலாவது தற்காலிகமாக வையுங்கள். அங்கே பெட்டிக்குள் கால் நீட்டித் தூங்கும்போது படம் எடுங்கள், ஃபிளாஷ் இல்லாமல், தரை மட்டத்திலிருந்து. இரவில் விளையாடும் 10 விநாடி வீடியோ இருந்தால் அதுவே போதும்.

எழுதும்போது கூச்சத்தை மறைக்காதீர்கள், அதையே முதலில் சொல்லுங்கள். “பாசமான பூனை, நல்ல வீடு தேவை” என்று ஐந்து முறை போட்டும் சாம்புவுக்கு ஒரு போன்கூட வரவில்லை. ஆறாவது முறை இப்படி எழுதினேன்: “சாம்பு, 3 வயது, கருத்தடை ஆனது. மடியில் ஏற மாட்டாள். நீங்கள் அறையில் இருக்கும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுவாள், அவளைப் பொறுத்தவரை அதுவே பெரிய நம்பிக்கை. சத்தமில்லாத வீடும் அவசரமில்லாத ஆளும் வேண்டும்.” இரண்டு பேர் கூப்பிட்டார்கள். அதில் ஒருவர்தான் பூக்கட்டும் அம்மா. கணவர் இறந்தபிறகு தனியாக இருக்கிறேன், எனக்கும் அவசரம் எதுவும் இல்லை என்றார்.

ஒரு வருஷம் ஆகியும் மடியில ஏறலைன்னா?

ஏறாத பூனைகள் உண்டு. கட்டிலின் கால்மாட்டில் படுக்கும், நீங்கள் வேறு அறைக்குப் போனால் பின்னால் வந்து வாசலில் உட்காரும், மிக்சி போட்டால் ஓடி, நிறுத்தியதும் திரும்பி வரும். அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ள முடிகிறவர்கள்தான் இந்தப் பூனையை எடுக்க வேண்டும். தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்று ஆசையிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், அதற்கேற்ற பூனை இருக்கிறது.

எல்லாம் செஞ்சும் ஒத்து வரலைன்னா திருப்பிக் கொடுக்கலாமா? திட்டுவீங்களா?

திட்ட மாட்டேன். எங்களிடமே கொண்டுவாருங்கள், எந்த மாதமானாலும். மீன் மார்க்கெட் பக்கம் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பசி தாகத்தில் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுச் சாப்பாட்டுக்குப் பழகிய கூச்சப் பூனை அங்கே மற்ற பூனைகளோடு போட்டி போட்டுச் சாப்பிடாது, ஒளிந்தே கிடக்கும்.

திருப்பிக் கொண்டுவரும்போது ஒரு தாளில் எழுதி வாருங்கள்: எங்கே ஒளிந்தது, எந்த நேரத்தில் வெளியே வந்தது, என்ன சாப்பிட்டது, எந்தச் சத்தத்துக்குப் பயந்தது, எதுவரை தொடவிட்டது. சாம்புகூட ஒருமுறை இப்படித் திரும்பி வந்தவள். முதலில் எடுத்தவர்கள் 20 நாளில் கொண்டுவந்து விட்டார்கள், கையில் ஒரு துண்டுத் தாள். அதில் “ராத்திரி சாப்பிடுது, முதுகைக் காட்டிட்டுத்தான்” என்று எழுதியிருந்தது. விளம்பரத்தில் நான் எழுதிய அந்த வரி அங்கிருந்து வந்தது.